ரஹீம் பண்படுத்திய நிலம்

பசறையில் தோட்டப் பிள்ளைகளுக்கு உதைபந்து பழக்கும் நான், சையத் அப்துல் ரஹீமை அடிக்கடி நினைப்பதுண்டு. ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவரது பயிற்சியில் இந்தியா 1951 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது. 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்றது. புற்றுநோயோடு 1962இல் ஜகார்த்தா சென்றார். இறுதிப் போட்டியில் தென்கொரியாவை 2–1 என வீழ்த்தி மீண்டும் தங்கம். 1963 ஜூன் 11இல் மறைந்தார்.

அடுத்த ஆண்டு, ஆங்கிலேயரான ஹரி ரைட்டின் பயிற்சியில் இந்தியா ஆசியக் கிண்ணத்தில் இரண்டாமிடம் பெற்றது. அணித்தலைவர், ஜகார்த்தாவில் ரஹீமின் அணியையும் வழிநடத்திய சுனி கோஸ்வாமியே. ரைட்டின் உழைப்பு சிறியதல்ல. ஆனால் அவர் கைக்கு வந்தது பண்பட்ட நிலம்.

போரில் பயிற்றுநர்களையும் மைதானங்களையும் இழந்தவர்கள் நாம். இன்று நம் பிள்ளைகள் வாங்கும் கிண்ணங்களுக்குப் பின்னால் அவர்களும் நிற்கிறார்கள். அந்தப் பெயர்களை ஊர் ஊராக எழுதிவைப்போம்.