இல்லாத இயந்திரத்துக்குக் கட்டளை எழுதிய அடா



மலாக்காவில் கணினி வகுப்பு எடுப்பவள் நான். ஜாசின், அலோர் காஜா தோட்டப்புறங்களிலிருந்து வரும் பெண் பிள்ளைகள் சிலர், கணினி ஆம்பளைங்க படிப்பு என்று ஒதுங்கிப் போகிறார்கள். அவர்களுக்காகவே அடா லவ்லேஸின் கதையைச் சொல்கிறேன்.

அடா 1815 டிசம்பர் 10இல் லண்டனில் பிறந்தார். அப்பா புகழ்பெற்ற கவிஞர் பைரன். குழந்தைக்கு ஒரு மாதம் ஆனபோதே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். நம்ம மலாக்கா ஒப்பந்தப்படி ஆங்கிலேயருக்குப் போன அதே 1824இல் பைரன் கிரீஸில் இறந்தார். மகளும் அப்பா மாதிரி ஆகிவிடக் கூடாது என்று பயந்த அம்மா, சின்ன வயதிலேயே கணிதம் படிக்க வைத்தார். 13 வயதில் தட்டம்மை வந்து கால்கள் முடங்கின. நெடுநாள் படுக்கை, அப்புறம் ஊன்றுகோல். படிப்பை மட்டும் அவர் விடவே இல்லை.

1833இல், 17 வயதில், சார்லஸ் பாபேஜைச் சந்தித்தார். பாபேஜ் பிறகு ஒரு பெரிய கணக்கு இயந்திரத்தை வரைந்தார். பல்சக்கரங்கள் கணக்குப் போடும். துளையிட்ட அட்டைகள் கட்டளை கொடுக்கும். அந்த அட்டை யோசனை ஜக்கார்டு தறியிலிருந்து வந்தது. காஞ்சிபுரம் பட்டுச் சேலைகள் பலவற்றில் மயிலும் பூவும் விழுவதும் ஜக்கார்டு முறையில்தான்!

அன்று இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்க்கவில்லை. கல்யாணமாகி மூன்று பிள்ளைகள் பெற்ற பிறகும், பேராசிரியர் டி மார்கனிடம் கடிதம் வழியாகவே உயர்கணிதம் கற்றார் அடா.

1843இல், அந்த இயந்திரத்தைப் பற்றி இத்தாலியர் மெனபிரியா பிரெஞ்சில் எழுதிய கட்டுரையை ஆங்கிலத்தில் தந்தார். கூடவே சொந்தக் குறிப்புகளையும் சேர்த்தார்; அவை கட்டுரையைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம். பெர்னூலி எண்களை இயந்திரம் எப்படிக் கணக்கிடும் என்று படிப்படியாக அட்டவணை போட்டார். உலகின் முதல் கணினி நிரல் என்று பலர் சொல்வது அதைத்தான். பாபேஜும் முன்பே சில எழுதி வைத்திருந்தார் என்பதால் இதில் வாதம் உண்டு. ஆனால் எண்ணோடு நிற்காமல் இசையைக்கூட இந்த இயந்திரம் கையாளலாம் என்று கண்டு எழுதியவர் அடாதான். இன்று கைப்பேசியில் பாட்டு கேட்கிறோமே, அதன் வித்து அங்கே இருக்கிறது. குறிப்புகளின் கீழே முழுப்பெயர் இல்லை, முதலெழுத்துகள் மட்டுமே.

குதிரைப் பந்தயத்தில் பணம் இழந்து கடன்பட்டதும் அவர் வாழ்க்கையில் உண்டு. 1852 நவம்பர் 27இல் புற்றுநோயால் இறந்தார். வயது 36, அப்பா இறந்ததும் அதே வயதில். அவர் விருப்பப்படியே அப்பா பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். பாபேஜின் இயந்திரமோ கடைசிவரை முழுமையாகக் கட்டப்படவே இல்லை.

1979இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் நிரல்மொழிக்கு அடா என்று பெயர் வைத்தது. அதன் தர எண்ணில் அவர் பிறந்த 1815ஐயும் சேர்த்தது.

தங்கைகளே, டுரியான் துங்காலிலும் புக்கிட் பெருவாங்கிலும் கணினி கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. மடிக்கணினி வந்த பிறகு பார்த்துக்கலாம் என்று காத்திருக்காதீங்க. இயந்திரமே இல்லாமல் அடா தாளில் எழுதினார். வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை, பார்க்காத ஒருத்தர் போடுகிற மாதிரி, நோட்டில் படிப்படியாக எழுதிப் பாருங்க. நிரலின் முதல் பாடம் அதுதான்.