32 வருஷம் ஒளிஞ்சிருந்த பெட்டி

அகுஸ்தி சென்டெலஸ், பார்சிலோனாவில் வளர்ந்த பத்திரிகை போட்டோகிராபர். 1934-ல் லைக்கா கேமரா வாங்கினார். 1936 ஜூலை 19-ல் ராணுவக் கலகம் வெடிச்சப்போ, செத்த குதிரைகளுக்குப் பின்னால் துப்பாக்கியோட பதுங்கிய காவலர்களை அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது.

1939-ல் பிராங்கோ படை கட்டலோனியாவைப் பிடிச்சதும், நெகட்டிவ் பெட்டியோட பிரான்ஸுக்குத் தப்பினார். பிராம் அகதி முகாமிலும் படம் எடுத்தார். 1944-ல் ஊர் திரும்பும்போது, பெட்டியை கார்கசோன் ஊரில் ஒரு வீட்டில் ஒளிச்சு வெச்சார். ஏன்னா, அதிலிருந்த முகங்களை வெச்சே போலீஸ் பலரைப் பிடிச்சிருக்கும்.

அப்புறம் விளம்பரப் படங்கள்தான் பிழைப்பு. பிராங்கோ இறந்த பிறகு, 1976-ல் போய்ப் பெட்டியை மீட்டார். 1984-ல் ஸ்பெயினின் தேசிய விருது. மறு வருஷம் மறைந்தார்.

எடுத்த போட்டோவை உடனே போஸ்ட் பண்ற நாம, இவரைத் தெரிஞ்சுக்கணும்.