வால்ட்டர் ஷூஹார்ட்

வால்ட்டர் ஆண்ட்ரூ ஷூஹார்ட் (மார்ச் 18, 1891 - மார்ச் 11, 1967) ஓர் அமெரிக்க இயற்பியலாளரும் புள்ளியியலாளரும் ஆவார். இவர் புள்ளியியல்சார் தரக் கட்டுப்பாட்டின் தந்தை எனப் போற்றப்படுகிறார்.

இலினாய் மாநிலத்தின் நியூ கேன்டன் என்னும் ஊரில் பிறந்த இவர், 1917 இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். 1918 இல், தொலைபேசிக் கருவிகளை உற்பத்தி செய்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் சேர்ந்தார். செய்து முடித்த பொருட்களைச் சோதித்துப் பழுதானவற்றை ஒதுக்குவதே அக்காலத் தரக் கட்டுப்பாடாக இருந்தது.

எந்த உற்பத்தியிலும் இயல்பாக நிகழும் வேறுபாடுகள் ஒருவகை. தேய்ந்த கருவி, தரமற்ற மூலப்பொருள் போன்ற குறிப்பிட்ட காரணத்தால் நிகழ்பவை மற்றொருவகை என ஷூஹார்ட் பகுத்தார். இயல்பான வேறுபாட்டைப் பிழையெனக் கருதி இயந்திரத்தை அடிக்கடி திருத்தியமைத்தால் தரம் மேலும் குறையும். இவ்விரண்டையும் பிரித்தறிய உதவும் கட்டுப்பாட்டு வரைபடத்தை, மே 16, 1924 அன்று ஒரு பக்கக் குறிப்பில் முன்வைத்தார். அளவுகளைக் குறிக்கும் புள்ளி வரைபடத்தின் எல்லைக் கோட்டைத் தாண்டினால் காரணத்தைத் தேடிக் களைய வேண்டும்.

1931 இல் இம்முறையை நூலாக வெளியிட்டார். 1947-48 இல் மகலனோபிசின் ஏற்பாட்டில் இந்தியாவுக்கு வந்தார். இவரது கருத்துகளை எட்வர்ட்ஸ் டெமிங் 1950 இல் ஜப்பானியப் பொறியாளர்களுக்குக் கற்பித்தார். போரினால் நலிந்திருந்த அந்நாட்டுத் தொழில்துறை தரத்தில் உயர இது துணைபுரிந்தது.