குர்ட் லெவின்: யாரைப் பற்றிப் பேச்சோ, அவரையே உள்ளே கூப்பிட்டவர்

ஆபீஸில் அப்ரைசல் சீசன். கண்ணாடி அறைக்குள் உங்களைப் பற்றித்தான் பேச்சு. நீங்கள் மட்டும் வெளியே. அந்தக் கதவைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? 1946-லேயே இதைச் செய்து பார்த்தவர் குர்ட் லெவின்.

சமூகப் பணி, ஃபேமிலி தெரபி மாதிரி முதுகலைப் படிப்புகளில் ‘ஆக்‌ஷன் ரிசர்ச்’ என்ற பாடம் வந்தாலே இவர் பெயரும் வந்துவிடும். நம்மூரில் பி.எட். படித்தவர்களுக்கு இது ‘செயலாராய்ச்சி’ என்று பழக்கமாகியிருக்கும். திட்டம் போடு, செய்து பார், என்ன நடந்தது என்று கவனி, அதை வைத்து மறுபடி திட்டம் போடு. அவ்வளவுதான் விஷயம். ஆனால் இங்கே வந்து சேர அவருக்கு ஒரு வாழ்நாள் பிடித்தது.

1890-ல் அன்றைய பிரஷ்யாவின் மோகில்னோவில் பிறந்தார். இப்போது அது போலந்து. யூதக் குடும்பம், அப்பா அம்மாவுக்கு ஒரு சின்னக் கடை. பெர்லினில் உளவியல் படித்தார். முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்தில் சண்டையிட்டுக் காயம்பட்டார். திரும்பி வந்து பெர்லினிலேயே பாடம் நடத்தியபோது, மாணவர்களோடு காஃபி கடையில் மணிக்கணக்காக உட்கார்ந்து பேசுவது அவர் வழக்கம். அவருடைய மாணவர்களில் பெண்கள் நிறைய. அந்தக் காலப் பல்கலைக்கழகத்தில் இது சாதாரணம் இல்லை.

எந்த நாட்டுக்காகக் காயம்பட்டாரோ, அந்த நாட்டை விட்டே 1933-ல் கிளம்ப வேண்டியதாயிற்று. ஹிட்லர் வந்துவிட்டார். அம்மாவை எப்படியாவது வெளியே கொண்டுவந்துவிட முயன்றார், முடியவில்லை. அவர் நாஜி முகாமில் இறந்துபோனார். மனிதர்கள் கூட்டமாகச் சேர்ந்தால் ஏன் இப்படி மாறுகிறார்கள் என்ற கேள்வி லெவினுக்கு வெறும் தீசிஸ் தலைப்பு இல்லை.

அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போரின்போது இறைச்சித் தட்டுப்பாடு. ஆட்டு, மாட்டு ஈரல் வகையறாவைக் கண்டாலே முகம் சுளிக்கும் இல்லத்தரசிகளை இதயம், சிறுநீரகமெல்லாம் சமைக்க வைக்க வேண்டும். லெவின் குழு சில பெண்களுக்கு நல்ல லெக்சர் கொடுத்தது. வேறு சிலரை வட்டமாக உட்கார்ந்து பேசி அவர்களே முடிவெடுக்க விட்டது. லெக்சர் கேட்டவர்களில் 3 சதவீதம் பேர் பிறகு சமைத்தார்கள். பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதம்! அட்வைஸ் பண்ணியே பழகிய நமக்கு இது கொஞ்சம் உறைக்கும்.

குடும்பம் பற்றியும் எழுதினார். 1940-ல் வெளியான ஒரு கட்டுரையில், திருமணத்தை இரண்டே பேர் கொண்ட ஒரு குழுவாகப் பார்த்தார். சண்டைக்குக் காரணம் அவருடைய குணமா, இவருடைய குணமா என்று தேடாமல், அந்த உறவுக்குள் ஒவ்வொருவருக்கும் நகர எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்டார். முதல் திருமணம் விவாகரத்தில் முடிந்த ஒருவர் எழுதியது இது. ஃபேமிலி தெரபி ஒரு துறையாக உருவெடுத்ததே 1950-களில்தான்.

சரி, 1946-க்கு வருவோம். கனெக்டிகட் மாநிலம், நியூ பிரிட்டன் ஆசிரியர் கல்லூரி. இன, மதப் பாகுபாட்டைக் குறைக்க ஆசிரியர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் ஒரு கோடைக்காலப் பயிற்சி. பகலில் குழு விவாதம். மாலையில் ஆய்வாளர்கள் தனியாகக் கூடி, யார் எப்படி நடந்துகொண்டார் என்று அலசுவார்கள். ஒரு மாலை, பயிற்சிக்கு வந்த சிலர் நாங்களும் உட்காரலாமா என்று கேட்டார்கள். ஆய்வாளர்களில் சிலருக்குச் சங்கடம். லெவின் சரி என்றுவிட்டார்.

தன்னைப் பற்றிய குறிப்பு வாசிக்கப்பட்டதும் ஒரு பெண் குறுக்கிட்டார். நடந்தது அப்படி இல்லை என்றார். அறிக்கை எழுதியவர் ஒன்று சொல்ல, இவர் வேறு சொல்ல, அறை சூடுபிடித்தது. வேறு பேராசிரியராக இருந்தால் கதவைச் சாத்தியிருப்பார். லெவினுக்கோ உற்சாகம் தாங்கவில்லை. அடுத்தடுத்த மாலைகளில் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். பகல் வகுப்பைவிட இந்த மாலைகளில்தான் அதிகம் கற்றார்கள். பிற்பாடு கம்பெனிகள் வரை பரவிய ‘டி-குரூப்’ பயிற்சியின் தொடக்கம் இதுதான். அதை முறையாக நடத்தும் முகாம் 1947 கோடையில் மெய்ன் மாநிலம் பெத்தெலில் தொடங்கியது. லெவின் அங்கே இல்லை. பிப்ரவரியிலேயே மாரடைப்பில் போய்விட்டார். வயது 56.

ஃபேமிலி தெரபி பயிற்சியில் பல காலம் ஒரு வழக்கம். ஒருபக்கக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குடும்பமும் பயிற்சி சிகிச்சையாளரும். அந்தப் பக்கம் இருட்டில் சீனியர்களும் சக மாணவர்களும். பார்ப்பார்கள், அலசுவார்கள், குடும்பத்துக்கு ஒன்றும் கேட்காது. 1985-ல் நார்வேயில் டாம் ஆண்டர்சன் என்ற மனநல மருத்துவர் குழு இதைத் தலைகீழாக்கிப் பார்த்தது. லெவினைப் பார்த்துச் செய்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கதவு அதே கதவுதான். விளக்கையும் ஒலியையும் மாற்றிப் போட்டார்கள். டீம் வெளிச்சத்தில் பேசியது, குடும்பம் இருட்டில் உட்கார்ந்து கேட்டது. கேட்கிறார்கள் என்று தெரிந்ததுமே, டீம் வார்த்தைகளைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டது.