காஞ்சிப் பட்டுக்கும் பிரான்ஸ் ஒயினுக்கும் என்ன சம்பந்தம்? லூயி பாஸ்டரின் வாழ்க்கைக் கதை

முகூர்த்தப் புடவை எடுக்க காஞ்சிபுரம் போறவங்க வழக்கமா என்ன பார்ப்பாங்க? ஜரிகை அசலா, கோர்வை போட்டதா, பட்டு சுத்தமானதா என்றுதான். ஆனா அந்தப் பட்டு நூலாக மாறுவதற்கு முன்பே, புழு முட்டையாக இருக்கும்போதே ஒரு சோதனை நடந்து முடிந்துவிடுகிறது. முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனை அது.

இதை நடைமுறைக்குக் கொண்டு வந்தவர், ஒயின் ஏன் கெடுகிறது என்று கண்டுபிடித்த அதே லூயி பாஸ்டர்!

திராட்சை ஊரில் வளர்ந்தவர்

1822 டிசம்பர் 27-ல் கிழக்கு பிரான்ஸில் உள்ள டோல் என்ற ஊரில் பிறந்தார் பாஸ்டர். அப்பா தோல் பதனிடும் தொழிலாளி, நெப்போலியன் படையில் இருந்தவர். குடும்பம் பிறகு அர்புவா என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. ஜூரா பகுதியில் இருக்கும் அர்புவா, திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர் போனது. பூல்சார், ட்ரூசோ, சவான்யான் ஆகியவை இந்தப் பகுதிக்கே உரிய திராட்சை ரகங்கள்.

பாஸ்டரின் முதல் பெரிய கண்டுபிடிப்பும் ஒயினோடு சம்பந்தப்பட்டதுதான். ஒயின் பீப்பாயில் படியும் டார்டாரிக் அமிலத்தின் உப்புகளை ஆராய்ந்த அவர், ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம் போல இருக்கும் இரண்டு வகைப் படிகங்களைப் பிரித்துக் காட்டினார். அது 1848-ம் ஆண்டு. அப்போது அவருக்கு வயது 25.

தரப்பட்டியல் இருந்தும் கெட்டுப்போன ஒயின்

பிரான்ஸில் அப்போது ஆட்சியில் இருந்தவர் பேரரசர் மூன்றாம் நெப்போலியன். 1855 பாரிஸ் கண்காட்சிக்காக போர்தோ பகுதியின் சிறந்த சிவப்பு ஒயின்கள் 5 தரங்களாக வரிசைப்படுத்தப்பட்டன. அந்தப் பட்டியல் ஒருசில மாற்றங்களோடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 1860-ல் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தமும் கையெழுத்தானது.

ஆனா ஒரு பெரிய சிக்கல். பீப்பாயிலும் பாட்டிலிலும் இருந்த ஒயின் புளித்தது, கசந்தது, சிலது எண்ணெய் மாதிரி கொழகொழத்தது. பர்கண்டி பகுதியின் உயர்ரக ஒயின்களும் கசப்பு நோய்க்குத் தப்பவில்லை. லேபிளில் எவ்வளவு பெரிய பேர் இருந்தாலும் உள்ளே இருப்பது கெட்டுப்போனால் யார் வாங்குவாங்க?

1863-ல் இதை ஆராயச் சொல்லி பாஸ்டரைக் கேட்டுக்கொண்டார் பேரரசர். பாஸ்டர் நேராக அர்புவாவுக்குப் போய் ஒரு சின்ன ஆய்வகம் அமைத்தார். ஒவ்வொரு கோளாறுக்கும் பின்னால் ஒரு நுண்ணுயிர் இருப்பதை மைக்ராஸ்கோப்பில் கண்டார். காற்றுப் புகாமல் ஒயினை 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் கிருமிகள் அடங்கும், சுவையும் பெரிதாகக் கெடாது என்று நிறுவினார். 1866-ல் இதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். இன்று பால் பாக்கெட்டில் பார்க்கிற பாஸ்டரைஸ்டு என்ற வார்த்தை அவர் பெயரிலிருந்து வந்ததுதான்.

பட்டுப்புழு பற்றி எதுவும் தெரியாது!

ஒயின் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தபோதே, 1865-ல் அடுத்த அழைப்பு வந்தது. தெற்கு பிரான்ஸில் பட்டுப்புழுக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. 1853-ல் சுமார் 2.6 கோடி கிலோவாக இருந்த பட்டுக்கூடு விளைச்சல், 1865-ல் சுமார் 40 லட்சம் கிலோவாகச் சரிந்தது. புழுவின் உடம்பில் மிளகு தூவினது போலப் புள்ளிகள் வந்ததால் நோய்க்கு பெப்ரைன் என்று பெயர். அந்த வட்டார மொழியில் பெப்ரே என்றால் மிளகு.

பாஸ்டரை அழைத்தவர் அவருடைய ஆசான், வேதியியலாளர் டூமா. சிக்கல் என்னன்னா, பாஸ்டருக்குப் பட்டுப்புழு பற்றி எதுவுமே தெரியாது. பூச்சியியல் அறிஞர் ஃபாப்ரின் வீட்டில் முதன்முதலாகப் பட்டுக்கூட்டைக் கையில் எடுத்தவர், காதருகே ஆட்டிப் பார்த்து உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாராம். ஃபாப்ரே பின்னாளில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்தடுத்து விழுந்த இடிகள்

1865 ஜூனில் அப்பா இறந்தார். செப்டம்பரில் 2 வயது மகள் கமீல். 1866 மே மாதம் 12 வயது மகள் செசில் டைபாய்டு காய்ச்சலுக்குப் பலியானாள். மூத்த மகள் ழான் 1859-லேயே அதே நோயால் போய்விட்டாள். ஆனாலும் பாஸ்டர் அலேஸ் நகரில் புழுக்களோடு வேலையைத் தொடர்ந்தார். மனைவி மரியும் கூடவே புழு வளர்த்தார்.

ஆராய்ச்சியிலும் சறுக்கல் இருந்தது. புழுவின் உடலில் தெரிந்த நுண்துகள்கள் ஒட்டுண்ணி இல்லை என்றே முதலில் நினைத்தார். பிறகு அதை மாற்றிக்கொண்டார். பெப்ரைன் தவிர ஃபிளாஷெரி என்ற இன்னொரு நோயும் இருப்பதைப் பிரித்துக் காட்டினார்.

1868 அக்டோபரில் பக்கவாதம் தாக்கி இடது பக்கம் செயலிழந்தது. வயது 45தான். மூன்றே மாதத்தில் மறுபடியும் தெற்கே கிளம்பிவிட்டார்.

அந்தச் சோதனை என்ன?

ரொம்ப எளிமையானது. ஒவ்வொரு தாய் அந்துப்பூச்சியையும் தனித்தனியாக முட்டையிட விட வேண்டும். பிறகு அந்தப் பூச்சியைத் தண்ணீர் விட்டு அரைத்து, ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். நுண்துகள் தெரிந்தால் அது போட்ட முட்டைகள் மொத்தமும் அழிக்கப்படும். தெரியாவிட்டால் மட்டும் வளர்ப்புக்குப் போகும். தாயிடமிருந்து முட்டை வழியாகப் பிள்ளைக்குப் போகும் நோய் என்பதால் இந்த வடிகட்டல் பலித்தது.

பிரான்ஸின் பட்டு வளர்ப்பு பழைய உச்சத்தைத் திரும்பத் தொடவில்லை. ஆனால் முறை உலகம் முழுக்கப் பரவியது. காஞ்சிபுரத்தில் பட்டுப்புழு வளர்ப்பதில்லை, நெசவுதான் பிரதானம். கச்சாப் பட்டு பெரும்பாலும் கர்நாடகாவிலிருந்து வருகிறது. இந்தியாவில் பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் நிலையங்களில் தாய்ப்பூச்சி சோதனை இன்றும் நடக்கிறது. இதில் கோட்டைவிட்டால் விவசாயிக்கு ஒரு விளைச்சல் முழுசா போய்விடும், தறிக்கு நூல் வராது.

பிறகு?

1885-ல் வெறிநாய் கடித்த 9 வயது சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்குத் தடுப்பூசி போட்டு உலகப் புகழ் பெற்றார் பாஸ்டர். 1895 செப்டம்பர் 28-ல் காலமானார். குன்னூரில் 1907-ல் தொடங்கப்பட்ட ஆய்வகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எந்த ஊரில், எந்த ரகத் திராட்சையில், எப்படித் தயாரித்தால் அந்த ஊர்ப் பெயரைப் போடலாம் என்று பிரான்ஸ் 1935-ல் சட்டம் கொண்டு வந்தது. 1936 மே மாதம் அந்த உரிமையை முதன்முதலில் பெற்ற பகுதிகளில் ஒன்று, பாஸ்டர் வளர்ந்த அர்புவா. அதே மாதிரியான ஊர்ப் பெயர் பாதுகாப்புதான் புவிசார் குறியீடு. காஞ்சிபுரம் பட்டுக்கு அது 2005-06-ல் கிடைத்தது.

ஊர்ப் பெயருக்கு மதிப்பு கொடுப்பது நெசவாளியின் கை. அந்தக் கைக்கு நல்ல நூல் போய்ச் சேர வேண்டும் என்றால், எங்கோ ஓர் ஆய்வகத்தில் யாரோ ஒருவர் மைக்ராஸ்கோப்பில் சரியாகப் பார்த்திருக்க வேண்டும்.