அல்ஜிப்ரா தந்த அறிஞர் அல் குவாரிஸ்மி

போடிநாயக்கனூருக்கு மேலே உயர்ந்து நிற்கும் ஏலமலைச் சரிவில் ஒருவர் ஏல நாற்றங்கால் அமைக்க எண்ணுகிறார் என்று கொள்வோம். இடம் 39 சதுர மீட்டர். நீளம் அகலத்தைவிட 10 மீட்டர் மிகுதியாக இருத்தல் வேண்டும். அகலம் எவ்வளவு? பள்ளிப் பிள்ளைகள் இருபடிச் சமன்பாடு என்று கற்கும் கணக்கு இதுவே. வாழ்வுக்கு இது எதற்கு என்று சலித்துக் கொள்ளும் பிள்ளைகளுக்கு, இதே எண்களை வைத்து ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முன் வழி காட்டிய பேரறிஞரின் வரலாற்றைச் சொல்வது நம் கடமையாகும்.

முஹம்மது இப்னு மூஸா அல் குவாரிஸ்மி அவர்கள் ஏறத்தாழ கி.பி. 780-ல் பிறந்தார்கள். கலீபா மஃமூன் (813-833) ஆட்சியில், பக்தாது நகரின் பைத்துல் ஹிக்மா என்னும் அறிவு இல்லத்தில் பணியாற்றினார்கள். வானநூலும் பூகோளமும் ஆராய்ந்தார்கள். இந்திய எண்முறையை விளக்கி நூல் எழுதினார்கள்.

கலீபாவின் ஊக்கத்தால் ஏறத்தாழ 820-ல் அன்னார் இயற்றிய நூலே அல்ஜப்ர் வல் முகாபலா. அல்ஜிப்ரா என்னும் பெயர் அதிலிருந்தே வந்தது. வாரிசுரிமைப் பங்கீடு, வாணிபம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்குப் பயன்படுவதே அதன் நோக்கம். நூலின் பெரும்பகுதி மரண சாசனம், பாகப்பிரிவினைக் கணக்குகளே.

இருபடிக் கணக்கை அவர்கள் குறியீடின்றி, சொல்லாலும் படத்தாலும் விளக்கினார்கள். நம் நாற்றங்காலுக்கே அதைப் பொருத்திப் பார்ப்போம். அகலத்தைப் பக்கமாகக் கொண்டு ஒரு சதுரம் வரைக. மிகுதியான 10-ஐ இரண்டாகப் பகுத்து, சதுரத்தின் அடுத்தடுத்த இரு பக்கங்களிலும் 5 மீட்டர் பட்டை ஒவ்வொன்று சேர்த்திடுக. இவற்றின் மொத்தப் பரப்பு 39. மூலையில் 5-க்கு 5 சதுரம் ஒன்று குறைகிறது. அந்த 25-ஐ நிரப்பினால் 64. அதன் பக்கம் 8. சேர்த்த 5-ஐக் கழித்தால் அகலம் 3, நீளம் 13. மூன்றைப் பதின்மூன்றால் பெருக்க 39 சரியாக வருகிறது!

இந்நூல் 1145-ல் லத்தீன் மொழிக்குச் சென்றது. அன்னாரின் பெயரே திரிந்து, இன்று கணிப்பொறியாளர் கூறும் அல்காரிதம் ஆயிற்று. அவர்கள் ஏறத்தாழ 850-ல் மறைந்தார்கள்.

அளவையில் குறை செய்யாதீர் என்பது திருமறையின் கட்டளை. உரியவருக்கு உரியதைப் பிசகாது அளந்து கொடுக்கக் கணக்கறிவு வேண்டும். வீட்டில் கணக்குப் புத்தகத்தை விரிக்கும் நம் பிள்ளைகள் இதனை உணர்ந்து கற்பார்களாக!