பெர்னாட்ஷா கற்ற பொருளாதாரம்

நாடகங்களால் உலகைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்தவர் என்றே பெர்னாட்ஷாவை நாம் அறிவோம். நாடக ஆசிரியராகப் புகழ்பெறும் முன்பே அவர் பொருளாதாரம் கற்றவர் என்பதைப் பலர் அறியார். அதையும் எந்தக் கல்லூரியிலும் அவர் கற்கவில்லை, நூல்களில் கற்றார்!

1856 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26 ஆம் நாள் அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஷா பிறந்தார். தந்தையோ குடிப்பழக்கம் உடையவர். குடும்பத்தில் பணமுடை. பதினைந்து வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. 1871 இல், நிலக்கிழார்களின் சொத்துகளை நிருவகிக்கும் அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, விரைவில் காசாளரானார். வாரந்தோறும் ஏழைகளிடம் வீட்டு வாடகை வாங்கி வருவதும் அவர் வேலை. யார் எவ்வளவு கொடுத்தார் என்பதைக் கணக்கேடு சொல்லிற்று. ஏன் கொடுக்க வேண்டும் என்பதை அது சொல்லவில்லை.

1876 இல் இலண்டன் சென்றார். எழுதிய ஐந்து நாவல்களையும் பதிப்பகத்தார் திருப்பி அனுப்பினர். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் படிப்பகமே அவருக்குக் கல்லூரியாயிற்று.

1882 செப்டம்பரில், அமெரிக்கரான ஹென்றி ஜார்ஜின் சொற்பொழிவைக் கேட்டார். 1879 இல் வெளிவந்த அவரது ‘முன்னேற்றமும் வறுமையும்’ என்னும் நூலை வாங்கிப் படித்தார். ஊர் வளர வளர நிலத்தின் மதிப்பு உயர்கிறது. அதை உயர்த்துவோர் சாலை போடுவோரும், கடை வைப்போரும், ஆலையில் உழைப்போரும் ஆவர். பயனோ வாடகையாக நிலத்துக்குரியவனைச் சேர்கிறது. ஆகவே நிலமதிப்பின்மீது வரி விதித்து அதனைச் சமுதாயத்துக்கே ஆக்க வேண்டும் என்பது ஜார்ஜின் வாதம். டப்ளினில் தாம் எழுதிய கணக்கின் பொருள் இப்போது ஷாவுக்கு விளங்கிற்று. வறுமை தலைவிதியன்று, மனிதர் செய்த ஏற்பாடு. மனிதர் செய்ததை மனிதரே மாற்றலாம் அன்றோ!

சமதர்மக் கூட்டமொன்றில் ஜார்ஜின் கருத்தை எடுத்துரைத்தார். மார்க்சைப் படித்துவிட்டு வருமாறு அங்கிருந்தோர் கூறினர். ‘மூலதனம்’ ஆங்கில நூலாக வந்தது 1887 இல்தான். எனவே பிரெஞ்சு மொழிபெயர்ப்பைப் படித்து முடித்தார். திரும்பி வந்து பார்த்தால், படிக்கச் சொன்னவர்களே அதைப் படித்திருக்கவில்லை! 1884 இல் பேபியன் கழகத்தில் சேர்ந்தார்.

அவ்வாண்டிலேயே விக்ஸ்டீட் என்னும் அறிஞர் மார்க்சின் மதிப்புக் கொள்கையை மறுத்து எழுதினார். ஷா அதற்கு மறுப்பு எழுதினார். ஆயினும் அத்துடன் நில்லாமல், விக்ஸ்டீடின் வகுப்புகளிலேயே அமர்ந்து பாடம் கேட்டார். தம் வாதம் நில்லாது எனக் கண்டு அதைக் கைவிட்டார். சோதனையில் தவறிய கருதுகோளை விட்டுவிடும் அறிவியலாரின் பண்பு இது. முதுமையில் சர்வாதிகாரிகளைப் புகழ்ந்தபோது இப்பண்பை அவர் மறந்தது வருந்தத்தக்கது.

கற்ற பொருளாதாரம் நாடகமாயிற்று. 1892 இல் அரங்கேறிய அவரது முதல் நாடகத்தில், பாழடைந்த குடியிருப்புகளின் வாடகையால் செல்வரான ஒருவர் வருகிறார். படிக்கட்டைப் பழுதுபார்க்கப் பணம் செலவிட்டதற்காக, வாடகை வசூலிப்பவனை அவர் வேலையிலிருந்து நீக்குகிறார். அச்செல்வரின் மகளை மணக்கவிருந்த இளம் மருத்துவர் அந்தப் பணம் வேண்டாம் என்கிறார். பிறகுதான் தெரிகிறது, தம் வருமானமும் அதே வீடுகளின்மீது கொடுத்த கடனுக்கான வட்டி என்று! கொடியவன் ஒருவனைக் காட்டி ஷா நம்மைத் தப்பவிடவில்லை, ஏற்பாட்டையே காட்டினார்.

1895 இல் இலண்டன் பொருளாதாரப் பள்ளியை நிறுவியோருள் அவரும் ஒருவர். 1897 முதல் 1903 வரை செயின்ட் பாங்கிராஸ் பகுதியின் நகராட்சி மன்றத்தில் பணியாற்றினார். 1925 ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றார். 1950 நவம்பர் 2 ஆம் நாள், 94 ஆம் வயதில் மறைந்தார்.

நண்பர்களே, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள் நம்மில் பலர். வாடகையும் வட்டியும் நமக்குப் பாடநூலில் மட்டும் கண்ட சொற்கள் அல்ல. பொருளாதாரம் நமக்குரிய பாடமன்று என்று அறிவியல் மாணவர் ஒதுங்குதல் தகாது. ஒரு நூலைப் படிப்போம். அதை மறுக்கும் நூலையும் தேடிப் படிப்போம்!